குளிர்க்கிடங்குக் கையுறையோடு மலையேறாதே

கெல்சென்கிர்ச்சன், 16.01.2025 வியாழன், காலை 5.40. இதுவரை பதினொரு அழைப்பு, பதில் ஒன்றும் இல்லை.

அன்பு மிதுஷா,

நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, கெம்ப்டனில் நீ சுகமாக இருந்தால் அதுவே காணும். அப்பா போனபிறகு உன் பள்ளிக்கூடத் தாள்களில் கையெழுத்து வைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என்னோடு கோபம், சரி, வைத்துக்கொள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதி லாராவோடு உறைந்த அருவியில் ஏறப் போகிறாயாம், அம்மா அனுப்பிய கையுறையைத்தான் போடுவேன் என்று அவவுக்கு வாக்குக் கொடுத்தாயாம், நேற்றுத்தான் எனக்குத் தெரியும். போடாதே. அது இறைச்சிக் கிடங்கில் அவ வேலைக்குப் போடுவது. மைனஸ் முப்பது என்று அதில் எழுதியிருப்பது உண்மைதான், ஆனால் கிடங்குக் குளிர் காய்ந்த குளிர். அருவியில் நீ கையைத் தூக்கித் தூக்கிப் பனிக்கோடரி அடிக்க, பனி உருகி உள்ளே இறங்கும், பிறகு அங்கேயே உறையும்.

இதைச் சொன்னதற்கு அம்மா, மைனஸ் முப்பதிலை பதினாலு வரியமா நிண்ட கையடா இது, உன்ர படிப்பை வேறை எங்கையும் கொண்டுபோய்க் காட்டு என்று ஏசினா. நான் அவவின் மற்றச் சோடியைக் குழாயில் நனைத்து, பிழிந்து, உறைபெட்டியில் மீனுக்கு மேல் வைத்தேன். ஒன்றரை மணித்தியாலத்தில் பலகை மாதிரி விறைத்துவிட்டது. அவ அதற்குள் கையை விட்டுப் பார்த்தா. அதோடு இரவுச் சமையல் நின்றுவிட்டது. நான்தானே பிள்ளைக்குப் போடச் சொன்னனான் என்று மட்டும் சொன்னா. அவவின் போனிலிருந்து எடுத்தாலும் நான்தான் என்று நினைத்து நீ எடுக்கிறாயில்லை, எழுதிய செய்திகளும் பார்க்காமல் கிடக்கின்றன.

இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் மூன்று சோடி புதுக் கையுறை இருக்கிறது. தண்ணீர் புகாத ஐவிரல் கையுறை இரண்டு சோடி, ஒன்று ஏறுவதற்கு, மற்றது ஜாக்கெற்றுக்குள் காய்ந்தபடி இருக்கட்டும், முதலாவது நனைந்தவுடன் மாற்று. விரல் பிரியாத தடித்த சோடி, கீழே நின்று லாராவுக்குக் கயிறு பிடிக்கும்போது, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். கையுறையின் நாடாவை மணிக்கட்டில் மாட்டு, காற்றில் போனால் போனதுதான். இறுக்கமென்றால் இரத்தம் ஓடாது, உள்ளே இன்னொன்று திணிக்காதே, அம்மா சொன்னாலும் திணிக்காதே. விரல் நோவு நின்றுவிட்டால் சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, உடனே இறங்கு. பல் ஆய்வுகூடத்தில் விரல் நுனியால் செயற்கைப் பல் செய்து பிழைக்கிறவள் நீ. செத்த நுனியைத் திருப்பி ஒட்ட எனக்குத் தெரிந்த பொறியியல் ஒன்றும் இல்லை.

பிள்ளையார் உன்னைக் காக்கட்டும் என்று அம்மா எழுதச் சொன்னா. நான் நம்புவது காய்ந்த கையுறையை, இரண்டும் உனக்குக் கிடைக்கட்டும். மறக்காதே, வீட்டிலேயே போட்டு விரல்களை மடக்கிப் பார்.

உன் அண்ணா,
கவிஷன்

இனி நான் செய்யப்போவது:
1. தபால்கடை திறந்ததும் இந்தப் பெட்டியை விரைவுத்தபாலில் போடுவேன்.
2. லாராவின் போன் இலக்கத்தைத் தேடிப் பிடிப்பேன். அவள் சொன்னாலாவது கேட்பாய்.
3. வெள்ளி பின்னேரம்வரை உன்னிடமிருந்து ஒரு சொல் வராவிட்டால், லீவு சொல்லிவிட்டு கெம்ப்டனுக்கு ரயில் ஏறுவேன். அம்மாவும் வாறன் என்கிறா. ஏலாது என்று சொல்லிப் பார்த்தேன், சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்துவிட்டா.
4. நீ கதவைத் திறக்காவிட்டால் படியிலேயே இருப்போம். உள்ளே நின்று எவ்வளவும் ஏசு. அந்தக் கையுறையை மட்டும் வெளியே எறிந்துவிடு.