நீச்சல்குளத்து டவலும் இருபது நிமிடமும்

அடியே,

காலையில் செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் பொத்தேரி பக்கம் படிக்கிற பெண்கள் நாலு பேர், மாமல்லபுரம் கடலுக்குப் போகிற குஷியில் ஒரே கூச்சல். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒருத்தி ட்யூபைப் பிதுக்கி, வெயிலுக்குப் பூசுகிற சன்ஸ்கிரீனை இரண்டு கையிலும் வழித்துத் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நம் ஹோட்டல் சலவைக்கூடமே பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் சிணுங்கியது.

திறந்து பார்த்தேன். ஹோட்டல்காரர்கள் எல்லோரும் கூடுகிற அந்தப் பெரிய மாநாடு இருக்கிறதே, நம் கடற்கரையிலேயே இந்த வருஷம் நடக்கப்போவது, அதில் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என்னை! இருபது நிமிடம், மைக்கோடு, மேடையில்! நான் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். கண்டக்டர் ஓடி வந்து, "இன்னாம்மா, ஸ்டாப்பிங் வுட்டுட்டியா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. யாரிடம் முதலில் சொல்ல வேண்டுமோ அவள் இல்லையே. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இப்படி ஒரு நாளில் அது புதுசாக வலிக்கிறது.

எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று கேட்கிறாயா? வேறெதை, அந்த ஆரஞ்சு டவலைப் பற்றித்தான்.

ஞாபகம் இருக்கிறதா? நீச்சல்குளத்து டவல்கள் மட்டும் துவைக்கத் துவைக்கத் துருப்பிடித்த மாதிரி நிறம் மாறின. ரூமில் போடுகிற டவலெல்லாம் வெள்ளையாக இருக்க, இவை மட்டும் திட்டுத்திட்டாக ஆரஞ்சு. மேனேஜர் நம்மைத்தான் திட்டினார். பைப்பில் துரு என்றோம், மாற்றிப் பார்த்தார்கள். விருந்தாளிகள் சந்தனம் பூசுகிறார்கள் என்று நான் ஒரு கதை விட்டேன், அதற்கு நீ வயிறு வலிக்கச் சிரித்தாய். நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். கறை அதிகமானால் ப்ளீச்சை அதிகமாக ஊற்றினேன். இன்னும் கறை வந்தால் இன்னும் ஊற்றினேன்.

நீயோ ஒரு கிழிந்த டவலை நாலாக வெட்டினாய். ரூமில் யாரோ விட்டுப்போன சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்கி வந்து நாலிலும் பூசினாய். ஒன்றைக் கேன் தண்ணீரில் ப்ளீச் விட்டு அலசினாய், ஒன்றை வெறும் போர் தண்ணீரில். மூன்றாவதற்கு வெறும் சோப்பு. நாலாவதைப் போர் தண்ணீரில் போட்டு, என் கையைப் பிடித்து, "ஊத்து, நீ எப்பவும் ஊத்துற மாறியே ஊத்து" என்றாய். ஊற்றினேன். நம் கண்ணெதிரே அந்தத் துண்டு மட்டும் ஆரஞ்சாக மாறியது.

"பாத்தியா?" என்று குதித்தாய். "அந்த க்ரீமும் தண்ணில கீற இரும்பும் ப்ளீச்சும் சேந்துதான் இந்தக் கலரு வருது. கறைய எடுக்கறோம்னு நம்மளேதான்டி போட்டுக்கினு கீறோம்!"

அன்றைக்கு நான் வெட்கப்பட்டதை விடச் சிரித்ததுதான் அதிகம். அப்புறம் நீ வழியையும் கண்டுபிடித்தாய். முதலில் சுடுதண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற சோப்பு. ப்ளீச் பக்கமே போகக்கூடாது. கடைசி அலசலில் இரும்பை இழுக்க, எலுமிச்சை உப்பு மாதிரி கொஞ்சம் புளிப்புத் தூள். ஒரு வாரத்தில் டவலெல்லாம் பால் போல வெளுத்தன.

பெரிய முதலாளி வந்து பார்த்தபோது, "என் டீம் கண்டுபுடிச்சுது சார்" என்றார் மேனேஜர். நீ பக்கத்தில்தான் நின்றாய். நானும் நின்றேன். "இவதான் சார்" என்று சொல்ல இரண்டே வார்த்தை. என் வாய்க்கு வரவில்லை. வெளியே வந்து நான் முகத்தைத் தொங்கப்போட்டபோது, "டவல் வெளுத்துச்சில்ல, வுடு" என்றாய். நீ விட்டுவிட்டாய். என்னைத்தான் அது விடவேயில்லை.

அப்படியிருந்தும் இந்த மாநாட்டு விண்ணப்பத்தில் நான் மறுபடியும் தடுக்கி விழுந்தேன். சொல்ல எனக்கே கேவலமாக இருக்கிறது. "இந்த முறையைக் கண்டறிந்தவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. உன் பேரை எழுதினேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "இல்லாதவங்க பேரப் போட்டா உன்ன யாரு கூப்புடுவா? உன் பேரப் போடு, அந்தம்மா ஒண்ணும் சண்டைக்கு வராது" என்றார். நான் உன் பேரை அடித்துவிட்டு என் பேரைப் போட்டேன். ஆமாம், போட்டேன். மேடை ஆசை, என்ன செய்ய.

மறுநாள் மெஷினில் டவல் போடும்போது கை ஓடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாநாட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "விண்ணப்பத்துல தப்பா எழுதிட்டேன் மேடம். கண்டுபிடிச்சது நான் இல்ல, என் தோழி. அவ இப்ப இல்ல" என்றேன். அந்தப் பக்கம் என் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார்கள். பிறகு அந்த அம்மா, "கண்டுபிடிச்சவங்கதான் பேசணும்னு எங்க விதிம்மா. நீங்க என்ன பேசுவீங்க?" என்று கேட்டார்.

போச்சு என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். "நான் தப்பு பண்ணவ மேடம்" என்றேன். "மாசக்கணக்குல ப்ளீச் ஊத்தி ஊத்திக் கறை போட்டது நான்தான். கடற்கரையோரம் எல்லா ஹோட்டல்லயும் என்ன மாதிரி ஒருத்தி இன்னிக்கும் ஊத்திக்கினுதான் இருப்பா. அவகிட்ட நான் பேசினா புரியும்." அந்த அம்மா சிரித்தார். கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான். நான் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

இன்று போனில் வந்த அந்தக் கடிதத்தை மாமல்லபுரம் வருவதற்குள் ஒன்பது தடவை படித்திருப்பேன். தமிழிலேயே பேசலாமாம், திரையில் மொழிபெயர்ப்பு ஓடுமாம். பேச்சின் தலைப்புக்குக் கீழே இரண்டு வரி இருக்கிறது. பேசுபவர் என்று என் பேர். கண்டறிந்தவர் என்று உன் பேர், இனிஷியலோடு.

சலவைக்கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் கூட வந்து, "பேச்சுல என் பேரும் வருமா?" என்று கேட்டார். "ஆரஞ்சுக் கறை வரும்போது வரும் சார், நீங்க எங்களத் திட்டின எடத்துல" என்றேன். நீ இருந்திருந்தால் என் தோளில் அடித்துச் சிரித்திருப்பாய்.

பேச்சை இன்றே எழுதத் தொடங்கிவிட்டேன். நடுவில் என்ன சொல்வது, எப்படி முடிப்பது, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முதல் இரண்டு வார்த்தை எனக்குத் தெரியும். அன்றைக்கு முதலாளி முன்னால் வாய்க்கு வராத அந்த இரண்டு வார்த்தையை இத்தனை நாளும் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேனடி. உன் படம் திரையில் வந்ததும், அத்தனை ஹோட்டல்காரர்கள் முன்னாலும் கையை நீட்டிச் சொல்லப் போகிறேன்:

"இவதான் சார்."