இருபத்தெட்டு நாளுக்குள்

முசூசு, ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். விடுதியில் சோளக்களிக்கு மறுபடியும் பீன்ஸ்தான், புலம்பவில்லை, சொல்லிவைக்கிறேன். ஜூன் 3 முதல் சிமெண்ட் வராமல் நீங்கள் எடுத்த மருத்துவமனைக் கட்டட வேலை நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். விடுமுறையில் உங்கள் ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன் (சிரிக்காதீர்கள்). தட்டுப்பாட்டால் வேலை நின்றால் கூடுதல் நாள் கேட்கலாம். ஆனால் நின்றதிலிருந்து இருபத்தெட்டு நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். ஜூலை முதல் தேதி கடைசி. கொடுத்துவிட்டீர்களா?

உங்கள் லுசுங்கு

சிலும்பா, ஜூன் 22

என் கண்ணு லுசுங்குவுக்கு,

உன் கடிதத்தைக் கொத்தனார் சவுலாவுக்குப் படித்துக் காட்டினேன். "மொதலாளி, ஆஸ்பத்திரி முடிஞ்சதும் உங்க பொண்ணுக்கு ஒரு கோர்ட்டு கட்டிக் குடுத்துரலாம்" என்றான்.

மனு என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் அதை வாங்க வேண்டிய பொறியாளர் முந்தாலியின் தாயார் இறந்துவிட்டார். குழி தோண்ட நானும் போனேன். துக்க வீட்டில் தாளை நீட்டுகிறவன் மனிதனா? அவரே என் கையைப் பிடித்து, "கோண்ட்வே, சிமெண்ட் வராதது எனக்குத் தெரியாதா? பாத்துக்கலாம்யா" என்றார். எனக்கு அது போதும்.

அப்பா

முசூசு, ஜூன் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

அவர் துக்கத்தில் இருக்கட்டும். அவருடைய அலுவலகம் திறந்துதானே இருக்கிறது? எழுத்தரிடம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கோபிக்காதீர்கள். டோவேரா அக்கா, "எங்கப்பா கட்டுற பிரசவ ரூம்லதான் பிள்ளை பெத்துக்குவேன்" என்று அங்கே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளாம்.

லுசுங்கு

சிலும்பா, ஜூலை 14

லுசுங்கு,

துக்கத்தில் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் மனு கொடுக்க மனம் வரவில்லை. சடங்கெல்லாம் முடிந்து ஜூலை 6இல் கொடுத்தேன். ஐந்து நாள் தாமதம். முந்தாலி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் என்னய்யா பண்ண? தலைமை அலுவலகத்துல தேதியத்தான் பாப்பாங்க" என்றார்.

கூடுதல் நாள் கிடையாது. பழைய கெடுப்படி ஆகஸ்ட் 29க்குள் முடிக்காவிட்டால் வேலையைப் பறித்துவிடுவார்கள். பிறகு யாரும் எனக்கு வேலை தர மாட்டார்கள். நேற்று ஒரு லாரி சிமெண்ட் வந்தது. தேவையில் பாதி. இனி வராதாம்.

அப்பா

சிலும்பா, ஆகஸ்ட் 30

அன்பு மகளுக்கு,

நேற்று முடித்துக் கொடுத்துவிட்டேன். முந்தாலி கைகுலுக்கினார். பிரசவ அறையின் மேல்தளம் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். அதன் மேல் தண்ணீர்த் தொட்டியை ஏற்றியாயிற்று. செப்டம்பர் 10இல் திறப்பு விழா. அன்றைக்குத்தான் தொட்டியை நிரப்புவார்கள். சவுலா ஒரு கேலிகூடச் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான்.

அந்த லாரிக்குப் பிறகு ஒரு மூட்டைகூட வரவில்லை. பிரசவத்துக்கு டோவேராவை முசூசு பெரிய ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லி நீயே எழுது; நான் சொன்னால் காரணம் கேட்பாள். நீயும் ஏன் என்று கேட்டு எழுதாதே.

அப்பா

முசூசு, செப்டம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏன் என்று கேட்கவில்லை. அக்காவுக்கு எழுதிவிட்டேன். அவளைப் போலவே அந்த அறைக்குக் காத்திருக்கும் மற்ற பெண்களுக்கு யார் சொல்வது என்று மூன்று நாளாக யோசித்தேன்.

மேல்தளத்தைச் சோதிக்காமல் தொட்டியை நிரப்பாதீர்கள் என்று இன்று காலை பொறியாளருக்கு எழுதினேன். உங்கள் கடைசி இரண்டு கடிதங்களையும் சேர்த்து, சிலும்பா பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினேன். "எழுத்தர்கிட்ட குடுத்து முத்திரை வாங்கிட்டு வாங்க மாமா" என்று இரண்டு தடவை சொன்னேன். தொட்டியை நிரப்ப இன்னும் ஏழு நாள் இருக்கிறது. இந்தத் தடவை காலம் கடக்கவில்லை.

விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வரலாமா என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் விடுதியிலேயே இருந்துகொள்வேன்.

உங்கள்
லுசுங்கு