சந்தனம் பட்ட வரி

கரையான்சாவடி,
சுபானு வருஷம் புரட்டாசி 23

சிரஞ்சீவி உலகநாதனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் நிம்மதியில்லை. நீ படிக்கிற கல்கத்தாவில் ஜனங்கள் கஞ்சிக்குத் தவிக்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததிலிருந்து உன் அம்மா சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். ஹாஸ்டலில் வேளைக்குப் போடுகிறார்களா என்று முதலில் எழுது.

லீவுக்கு வந்தபோது நீ மறந்துவிட்டுப் போன லெபேக் என்கிற பிரெஞ்சுக்காரர் கணக்குப் புஸ்தகத்தை இன்று பூந்தமல்லி தபாலாபீசில் ரிஜிஸ்தர் செய்துவிட்டேன். பூஜை லீவு முடிந்ததும் பரீட்சை, மற்ற புஸ்தகமெல்லாம் தலையைச் சுற்றவைக்கிறது, இது ஒன்றுதான் தெளிவாய்ச் சொல்கிறது, யுத்தத்தால் சீமையிலிருந்து வேறு பிரதியும் வராது என்று நீ எழுதிய கடிதம் சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் வந்தது. அதற்குள் உன் அம்மா புஸ்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டாள், மறுநாள் புனர்பூஜை ஆகாமல் எப்படி எடுப்பது? ஆனதும் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். மற்ற புஸ்தகங்களுக்கு அட்டையில் பொட்டு வைத்தவள், இதற்கு மட்டும் நீ காகிதம் செருகியிருந்த பக்கத்தைத் திறந்து நட்டநடுவில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறாள். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். "புள்ள எங்க நிறுத்திகீதோ அங்கதானே சாமி தொணை வேணும்" என்கிறாள். என் கூச்சலுக்குப் பயந்து அவள் ஈரத்துணியால் துடைக்கப்போய், காகிதம் நைந்து ஒரு வரி அடியோடு போய்விட்டது.

மேல் வரியும் கீழ் வரியும் நன்றாய்த்தான் இருக்கின்றன. வளைந்த கோட்டுக்குக் கீழே எவ்வளவு பரப்பு என்று அளக்கிற கணக்கு இது, இதில் புள்ளி புள்ளியாய் எத்தனையோ விட்டுப்போனாலும் மொத்தம் துளியும் மாறாது என்று போன கடிதத்தில் நீதானே எழுதினாய்? அது எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அழிந்துபோன வரியும் அந்த மாதிரி, விட்டுப்போனால் பாதகமில்லாத இடமாய் இருக்கவேண்டும் என்று மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ரயிலெல்லாம் பட்டாளத்துக்கே போகிறதாம், பார்சல் நேரத்துக்கு வருமோ என்று அது வேறு பயம். கண்ட தண்ணீரைக் குடிக்காதே. அபாயச் சங்கு ஊதினால் புஸ்தகத்துக்காக நிற்காமல் ஓடு.

தீர்க்காயுசாய் இரு, படிப்பு கைகூடட்டும். பார்சல் வந்ததும் கார்டு போட மறக்காதே. அந்த வரி இல்லாமல் சமாளிக்க முடியும் என்றால் வீட்டு விலாசத்துக்கே எழுது, அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன். முடியாது என்றால் நம் தவிட்டுக்கடை விலாசத்துக்கு எழுது. அப்போதும் வீட்டுக்கு, முடியும் என்று ஒரு கார்டு போட்டுவிடு.

இப்படிக்கு உன் அப்பா,
நாகப்பன்