கூட்டாத மணல்

அன்பு மகள் ஜந்திராவுக்கு,

போன கடிதத்தின் கடைசியில் நீ கேட்ட ஆசியை முதல் வரியிலேயே தருகிறேன், கடவுள் உன்னைக் காக்கட்டும். நாங்கள் நலம், மானவுஸ் நகர வெக்கையில் நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவுக்குத் தோள்வலி விட்டது, வலை இழுக்கப் போகிறார். மணல்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை, சமையலறை வாசல்வரை வந்துவிட்டது. மணலைத் தடுக்க நடும் மரம் இந்த முறையும் பிடிக்காவிட்டால் வீட்டைப் பிரித்துக் கட்ட வேண்டியதுதான் என்கிறார்.

ஆகஸ்டில் ஊரே கூடி மணல்மேட்டில் அபனேரோ மரக்கன்றுகள் நட்டோமே, நம் வழக்கப்படி அன்னாசிபோல் இருக்கும் முள் கிரவட்டாச் செடிகளை வேரோடு பிடுங்கி, வீட்டு முற்றம்போல் வெறும் மணலாகக் கூட்டிவிட்டுத்தான் நட்டோம். கிறிஸ்துமஸுக்குள் அத்தனையும் கருகின. பிறகு ஒருநாள், பிடுங்காமல் விட்டுப்போன மூலையில் குனிந்து பார்த்தேன். கிரவட்டாவின் இலைக்குவளைத் தண்ணீரில், பறவை போட்ட அபனேரோ விதை முளைத்து, இலையிடுக்கு வழியாக வேர் இறங்கி மணலைத் தொட்டிருந்தது. யாரும் நடாத கன்றுகள், பதினொன்று! ஆவல் தாங்காமல் பின்னாலுள்ள பெருங்காட்டிலும் தேடினேன். அங்கேயும் குவளைதோறும் முளை இருக்கிறது, தொட்டால் கையோடு வருகிறது, வேர் மட்கிய இலைக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. ஒரே செடி இங்கே வளர்க்கிறது, அங்கே மடக்கிவைத்துக்கொள்கிறது. வெட்டவெளி மணலில் அதன் நிழல் கன்றைக் காக்கிறது, ஏற்கெனவே நிழலான காட்டில் அதன் நிழல் எதற்கு என்று நினைக்கிறேன், உனக்கு என்ன தோன்றுகிறது?

ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்காதவள் நான், உனக்குத் தெரியும். நேற்று திறந்தேன், கிரவட்டாவைப் பிடுங்காமல் அதனருகே நடுவோம் என்றேன். டோனா இடாலினா, ஏன்டி ஒடிலா, மணலக் கூட்டச் சோம்பலா இருந்தா சொல்லேன், எதுக்கு இவ்ளோ படிப்பு என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். அப்பா, குப்பைக்குள்ள மரம் நட்டான் நசாரியுன்னு என் பேர கெடுக்காத என்றார். கடைசியில் மேட்டைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள், அவர்கள் பாதி சுத்தமாம், என் பாதி அழுக்காம். சனிக்கிழமை நடவு. என் பாதிக்கு நேர் பின்னால் நிற்பது நம் வீடு. அதைக் கவனித்ததும் அப்பா சிரிப்பை நிறுத்தினார், ஆனாலும் என் பாதியில் நட வரமாட்டேன் என்பதுபோல் மண்வெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, கொசுவலை கட்டாமல் தூங்காதே. ஜூனில் புனித ஜான் திருநாளுக்கு வரும்போது படகிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு ஓடிவராதே, முதலில் மேட்டில் ஏறி இரண்டு பாதியிலும் பிழைத்த கன்றுகளை எண்ணிப் பார். எத்தனை இருந்தாலும் உள்ளதைச் சொல்.

கடவுள் துணை உனக்கு,
அம்மா ஒடிலா