மாடி ஜன்னலில் கட்டிய சேலை

அன்புள்ள கதிர் அண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல வித்யா எழுதுவது. எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையை மட்டும் எழுதுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இனி ‘நான்’ என்று வருவதெல்லாம் அம்மா.

கதிர் சாமி, இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சூரத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போன் எடுக்கவில்லையே என்று பயந்திருப்பாய், வீட்டிலிருந்த போன்களைப் போலீஸ் வாங்கிப் போய்விட்டது. நம் மாடி அறையில் குடியிருந்த இர்பானையும் அவன் கூட்டாளியையும் போன வாரம் பிடித்துக்கொண்டு போனார்கள், தீவிரவாதக் கும்பலோடு தொடர்பாம். இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டு விடிந்தபின் வந்து படுக்கும் பையன்கள். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தமாதிரி சொல்லவும் மாட்டேன். ஆனால் பேப்பரில் நம் மாடியின் படம் வந்திருக்கிறது, கறுப்புத் துணியால் ஜன்னலை மறைத்த ரகசிய இருப்பிடமாம், அதையே ஆதாரமாகக் காட்டி அவர்களை வெளியே விடக் கூடாது என்று கோர்ட்டில் சொன்னார்களாம். அது கறுப்புத் துணி இல்லை சாமி, என் கருநீலச் சேலை, நீ சைக்கிள் செயினில் மாட்டிக் கிழித்தாயே, அதுதான். பகலில் தூங்குகிறவர்கள் முகத்தில் வெயில் அடிக்குமே என்று நான்தான் ஆணி அடித்துக் கட்டினேன். இரவுத் தறிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற எந்த வீட்டில் இப்படிக் கட்டவில்லை, குமாரபாளையத்தில்? இன்ஸ்பெக்டர் கேட்டதும் உங்கப்பா பயந்துபோய், “எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவிய கட்டுனதுங்க” என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். “நாங் கட்டுனத அவிய தலையில போட்டுட்டு வந்திருக்கறீங்களே” என்றேன். “உன்னயுங் கூட்டிட்டுப் போயிட்டா புள்ளைக்குச் சோறாக்கிப் போடறது யாரு, கம்முனு இரு” என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை, அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. எதிர்வீட்டு ராசப்பன், “உன்ற சேலைக்கு வந்த யோகத்தப் பாருக்கா, பேப்பர்லயே வந்துருச்சு” என்று கேலி பேசினான், ஆனால் அவன் வீட்டு ஜன்னலில் கட்டியிருந்த போர்வையை அன்றைக்கே அவிழ்த்துவிட்டான். இப்போது தெருவில் எந்த ஜன்னலிலும் துணி இல்லை, பாவம், தறிக்காரப் பையன்கள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

எனக்கு உன் நினைப்பாகவே இருக்கிறது. நீயும் பாஷை தெரியாத ஊரில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவன். வெயில் அடித்தாலும் ஜன்னலைத் திறந்து வை. வீட்டுக்காரம்மாவிடம் தினமும் இரண்டு வார்த்தை பேசு, நீ யார் பிள்ளை, எந்த ஊர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். உனக்கு ஒன்று வந்து, அவள் பயந்துபோய் மாற்றிச் சொன்னால் நான் என்ன செய்வேன்? இர்பானுக்கும் எங்கோ ஓர் அம்மா இருப்பாள். அதனால் நாளை காலை, அந்தப் பையன்களுக்காக வாதாடுகிற வக்கீலம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், சேலை என்னுடையது, கட்டியதும் நான் என்று சொல்லப்போகிறேன். அந்தச் சேலையோடு சேர்த்து எடுத்த அதே நிற ரவிக்கை பெட்டியில் இருக்கிறது, வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டால் தங்கச்சியைப் பார்த்துக்கொள். நாம் கும்பிடுகிற கந்தசாமி உனக்குத் துணை இருப்பான், நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும். கடிதம் கிடைத்ததும் ராசப்பன் நம்பருக்குப் பேசு.

உன் அம்மா,
சௌந்திரம்

அண்ணா, இது வித்யா. அப்பா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, அந்த ரவிக்கையை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்து, காலையில் கொண்டுபோகப் பையை அம்மாவின் தலைமாட்டில் வைத்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டார், இதை விடிந்ததும் எழுதுகிறேன்.