கடைசித் தாண்டுதலைக் காட்டவில்லை

6, சனி

காலையிலிருந்து மழை. மலை தெரியவில்லை. துணி மடித்தாயிற்று. காயாத சட்டை இரண்டு, காற்றாடிக்குக் கீழே நாற்காலியில்.

பசாருக்குப் போகவில்லை. முட்டை, நேற்றைய குழம்பு. உப்பு போட்டேனா, நினைவில்லை. வாயில் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. அவர் சாப்பிட்டார். நன்றாக இல்லையென்றாலும் சொல்ல முடியாது, பாவம். ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது. வலது கையும் வாயும் மட்டும் வேலை நிறுத்தம்.

சாயங்காலம் மணியம் அண்ணனும் ராஜுவும் வந்தார்கள். உலகத் தடகளப் போட்டி இன்று ஆரம்பம். இந்த முறை கிழக்கே நடக்கிறது, நம் நேரத்துக்குச் சாயங்காலமே ஓட்டமெல்லாம். மணியம் அண்ணன் ரிட்டையர் ஆன உடற்கல்வி வாத்தியார். ராஜு இன்னும் அக்கரையில் மாக் மண்டின் ஃபேக்டரியில், இவர் ஸ்டோர் பார்த்த அதே இடம். ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வருகிறான். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து பார்க்கிறேன், உலகப் போட்டி வந்தால் மூவரும் என் ஹாலில்தான். எனக்கு அதில் ஆர்வம் இருந்ததில்லை. தட்டு கழுவிக்கொண்டே கேட்டது மட்டும்.

வீட்டுச் சட்டம் ஒன்று உண்டு. யாராவது தப்பாகச் சொன்னால் இவர் திருத்துவார். தப்பாகச் சொன்னவர் கீழே கடைக்குப் போய் எல்லாருக்கும் தே, அதாவது டீ, வாங்கி வரவேண்டும். மணியம் அண்ணன்தான் அதிகம் போவார். வாத்தியார் இல்லையா, தெரியாது என்று சொல்ல வராது.

இன்று யாரும் போகவில்லை. யார் தீர்ப்புச் சொல்வது? நான் கோப்பி கலக்கினேன்.

7, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. டிவியிலாவது பூசை பார்த்திருக்கலாம். அதில் காலை நேர நடைப் போட்டி போய்க்கொண்டிருந்தது. இடுப்பை ஆட்டி ஆட்டி நடக்கிறார்கள். அவர் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரி.
"அங்கிள் எப்படி ஆன்ட்டி?"
"அப்படியே."
"ஆன்ட்டி எப்படி?"
அதற்குள் கீழே வந்துவிட்டது, நல்லவேளை.

8, திங்கள்

ஆஸ்பத்திரி. பேச்சுப் பயிற்சி. பயிற்சி தரும் மலாய்க்காரப் புவான் நல்ல பெண், பொறுமை. ஆப்பிள் படம் காட்டினார், மலாயில் பெயர் சொல்லவேண்டும். எப்பல். இவர் என்னைப் பார்த்தார். பாயோங். இவர் சுவரைப் பார்த்தார். எனக்கே எரிச்சல், ஸ்டோரில் ஆயிரம் சாமான் பெயர் தெரிந்து வைத்திருந்த மனுஷனிடம் குடையைக் காட்டி இது என்ன என்று கேட்டால்.

புவான் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த திங்கள் மறுபார்வை. ஒரு வார்த்தையாவது வந்தால் வாராவாரம் தொடரலாம். இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான், வரிசை நீளம். குற்றம் சொல்ல முடியாது. "கேள்வி கேட்டு நெருக்காதீங்க, தானா வரட்டும்" என்றும் சொன்னார். தானா வருவதற்கு ஒரு வாரம். சரி.

அழ வேண்டிய இடம். வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது.

சாயங்காலம் விஷயத்தை ராஜுவிடம் சொன்னேன். "அண்ணி, நாங்க பாத்துக்கிறோம் லா" என்றான். என்னத்தைப் பார்த்துக்கொள்வான்?

9, செவ்வாய்

தெரிந்துவிட்டது என்னத்தை என்று.

பெண்கள் தடை ஓட்டம். ஒரு பெண் தடையைத் தட்டிவிட்டு ஓடினாள். மணியம் அண்ணன், வேண்டுமென்றே சத்தமாக: "தட்டிட்டா! போச்சு! அவ டிஸ்குவாலிஃபை!"

ராஜு: "ஆமாண்ணே, ஒரு தடை விழுந்தாலே வெளிய அனுப்பிடுவாங்க."

இரண்டு பேரும் ஓரக்கண்ணால் இவரைப் பார்த்தார்கள். தடை விழுவதால் யாரையும் வெளியேற்றுவதில்லை. அது எனக்கே தெரியும். எத்தனை தரம் இந்த ஹாலில் அதற்காகத் தே வந்திருக்கிறது.

வாயைக் கிளறிப் பார்க்கிறார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜு வாங்கி வந்த மீ கோரெங் மிச்சம். குப்பையில் போட்டேன்.

10, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

- மருந்து இரவுக்கு மட்டும் இருக்கிறது, வாங்க
- வலது கால் நகம் வெட்ட
- காஸ் தோங் தீருகிறது, புது சிலிண்டர் சொல்லிவிட

இன்றைய தப்புகள்: அஞ்சலோட்டத்தில் கோலைக் கீழே போட்டால் ஆட்டம் முடிந்தது (இல்லை, போட்டவரே எடுத்துக்கொண்டு ஓடலாம்). பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவர்கள் கோட்டுக்குள்ளேயே ஓடவேண்டும் (சிரிப்பு). மணியம் அண்ணன் நடிப்பில் தேறவே மாட்டார். தப்பைச் சொல்லிவிட்டு வகுப்பில் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருக்கிறார்.

இவர் கண் மூடியது மூடியதுதான். தப்பு வேறு, நடிப்பு வேறு. இவருக்குத் தெரியாதா. அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. கஷ்டப்பட்டு வருகிறார்கள்.

எட்டு மணிக்குச் சேனல் சட்டென்று பேட்மிண்டனுக்குப் போய்விட்டது. நம்மாள் ஆடுகிறானாம்.

"அலாமக்! உயரம் தாண்டுதல்ல மூணு பேர் பாக்கி இருக்கும்போதா!" இது ராஜு, நடிப்பில்லாமல்.

இவர் இடது கை நாற்காலிக் கைப்பிடியை ஒரு தட்டு தட்டியது. நான் மட்டும் பார்த்தேன். ஈயாக இருக்கலாம்.

11, வியாழன்

ராஜு ஒரு வயர் கொண்டுவந்து தன் ஃபோனை டிவியோடு மாட்டினான். இனி பேட்மிண்டன் தொல்லை இல்லை. ஆனால் அதுவும் அதே படம்தான், அந்த ஊரிலிருந்து என்ன அனுப்புகிறார்களோ அது. ஓட்டம் என்றால் எட்டுப் பக்கத்திலிருந்து காட்டுவார்கள். தாண்டுகிறவனும் எறிகிறவனும் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில்.

இவர் முன்பு கத்துவார். மாநிலத்துக்காக லொம்பாட் கிஜாங் தாண்டியவர். மூன்று எட்டில் தாண்டுவது, தமிழில் மும்முறைத் தாண்டுதல் என்பார் மணியம் அண்ணன். "ஜெயிச்சவன் அழறதைக் காட்ட நேரம் இருக்கு, தாண்டறதைக் காட்ட நேரம் இல்ல! குருட்டுப் பசங்களா!" டிவியைப் பார்த்துத்தான். கீழ் வீட்டுச் சீனக் கிழவர் கம்பால் கூரையைத் தட்டுவார்.

இப்போது கிழவர் தட்டுவதில்லை. என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

12, வெள்ளி

தலைவலி. காரணம் இல்லை.

நாளை லொம்பாட் கிஜாங் இறுதி. ராஜு எனக்கு முறையை விளக்கினான், நான் கேட்காமலே. "கடைசி ரவுண்டுல வரிசை தலைகீழ், அண்ணி. பின்னால இருக்கிறவன் முதல்ல தாண்டுவான். முதல் இடத்துல இருக்கிறவன் எல்லாருக்கும் கடைசியா." ம் என்றேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

போகும்போது வாசலில் மணியம் அண்ணன் மெதுவாக: "ரீத்தா, திங்கக்கிழமைக்குள்ள வரலன்னா?"
"வரலன்னா வரல, அண்ணே."
அப்படிச் சொன்னதும் எனக்கே என்னவோபோல் இருந்தது. மனசு மரத்துப் போய்விட்டது, வேறு என்ன சொல்ல. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை.

13, சனி

மழை, பிறகு வெயில். துணி இரண்டு தரம் எடுத்து இரண்டு தரம் போட்டேன்.

எழுதிவிடுகிறேன், நடந்தபடி.

லொம்பாட் கிஜாங் இறுதி. இன்று இரண்டு பேரும் தப்புச் சொல்ல மறந்துவிட்டார்கள், ஆட்டம் அப்படி. முதல் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விரல் அகலம். முன்னால் இருக்கிறவன் உயரமானவன், ஓடுமுன் கையைத் தலைக்கு மேல் தட்டச் சொல்கிறான், கூட்டமே தட்டுகிறது. மற்றவன் குட்டை, தாடி. யாரையும் தட்டச் சொல்லவில்லை. தானே தொடையில் அடித்துக்கொள்கிறான். நான் துணி மடிப்பதை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. மடித்த துணி பாதிதான் இருந்தது பிறகு.

கடைசி ரவுண்டு. ராஜு பால்கனியில் ஃபோனுக்குச் சார்ஜர் தேடிக்கொண்டிருந்தான். மணியம் அண்ணன் பாத்ரூமில். டிவியில் ஒருவன் ஓட ஆரம்பித்தான். நான்கு அடி, ஐந்து அடி. சட்டென்று படம் மாறியது. கொஞ்ச நேரத்துக்கு முன் ஓட்டத்தில் ஜெயித்தவன், தேசியக் கொடியைப் போர்த்திக்கொண்டு யாரையோ கட்டிப்பிடித்து அழுகிறான். அப்படியே நிற்கிறது படம். தாண்டினவன் இல்லை.

கத்தினேன். நான்தான். "குருட்டுப் பசங்களா! முதல் இடத்துக்காரன் கடைசித் தடவை தாண்டறான், நீங்க எவன் அழறதைக் காட்டுறீங்க! தாண்டறதைக் காட்டுங்கடா!" கையிலிருந்த துண்டை டிவி மேல் எறிந்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து:

"ரெண்டாவது."

கரகரப்பு. பாதி எச்சில். எரிச்சல். முப்பது வருடமும் கேட்ட அதே எரிச்சல்.

திரும்பினேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டு மறைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைச் சுருக்கி.

ராஜு ஓடி வந்தான். "யாரு பேசினது? அண்ணி, யாரு பேசினது?" மணியம் அண்ணன் எதுவும் கேட்கவில்லையாம், தண்ணீர்ச் சத்தம். "என்ன சொன்னான்? சேவியர், இன்னொரு தரம் சொல்லுடா! என்னடா சொன்னே?" தோளைப் பிடித்து உலுக்கப் போனார். விடுங்கண்ணே என்றேன்.

பிறகு ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்தும். மணியம் அண்ணன் முகத்தில் சந்தேகம். இருமலாக இருக்குமோ, ரீத்தா. ராஜு பால்கனியில் இருந்தான், சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை.

நான் கேட்டேன். கேட்டேனா?

ராஜுதான் சொன்னான், "அது திருத்தம்னா, அண்ணி, தே நீங்கதான் வாங்கணும்." சிரிக்கப் பார்த்தான். நான் போகவில்லை. இருமலுக்கெல்லாம் தே வாங்க முடியாது.

14, ஞாயிறு

பூசைக்குப் போனேன். என்ன பிரசங்கம், தெரியாது.

போட்டி கடைசி நாள். ராஜு வந்தான், பார்த்தோம், முடிந்தது. இவர் பேசவில்லை. படுத்தபின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவையாக நானும் புளுகினேன், "அஞ்சலோட்டத்துல அஞ்சு பேர் தானே ஓடுவாங்க?" கண்ணை மூடிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. அவர்களைச் சொன்னேனே.

15, திங்கள்

காலை மழை. டாக்சி. ஆஸ்பத்திரி.

எப்பல். இல்லை. பாயோங். இல்லை. பூனை, சாவி, கரண்டி. இல்லை. புவான் பேனாவை எடுத்தார். முகம் வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார், கேட்கவேண்டிய கேள்வி.

சொல்வதா வேண்டாமா. சொன்னேன். மலாயில், தட்டுத் தடுமாறி. டிவியில் போட்டி, கடைசி ரவுண்டு, தாண்டும்போது படத்தை மாற்றிவிட்டார்கள், எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று. சொல்லச் சொல்ல மறுபடி அதே கோபம் வந்தது, "ஓடி வந்துகொண்டிருந்தது நொம்போர் சத்து, புவான்! முதல் ஆள்! அவனைக் காட்டாமல்"

"டுவா."

மலாயில். சக்கர நாற்காலியிலிருந்து. இடது கையில் இரண்டு விரல், என் மூக்குக்கு நேரே. இத்தனை சொல்லியும் இவளுக்கு ஏறவில்லையே என்கிற முகம்.

புவானின் பேனா நின்றது. இருமலா என்று யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ராஜு சொன்னது மண்டையில் ஏறியது. வரிசை தலைகீழ். ஓடினவன் தாடிக்காரன், இரண்டாம் இடத்துக்காரன். நான் இரண்டு தரமும் தப்பு.

அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்: அடுத்த திங்கள்.

கீழே கேன்டீன். "தே, இரண்டு" என்றேன். சட்டம் சட்டம்தானே. இவருக்கு ஆற்றி, ஸ்ட்ராவில் கொடுத்தேன். நானும் குடித்தேன்.

சீனி ரொம்ப அதிகம். நாக்கில் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், எல்லாரும் பார்க்க.