இரண்டாவது கையெழுத்து

22-9-96, ஞாயிறு

இன்று பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. "அன்னூர்னு எழுதியிருக்குதுங்க" என்று கண்டக்டரிடம் சொன்னேன். "அங்கதானுங்க பெரியவரே போவுது" என்றார். கிழவனான பிறகு அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து. இவ்வளவு எழுத இரண்டு பீடி ஆயிற்று.

25-9-96

மருமகள் பொற்கொடி பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கிறாள். இந்த முறை எங்கள் சனத்துப் பெண்ணுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நான் காலனி வார்டு மெம்பருக்கு நிற்கிறேன். எதிர்த்து ஆள் இல்லை.

துணைத்தலைவரை மெம்பர்கள்தான் ஓட்டுப் போட்டு எடுப்பார்களாம். யார் வந்தால் நல்லது என்று பொற்கொடி கேட்டாள். "ஆரு வந்தா என்ன அம்மணி, அது ஒப்புக்குத்தான" என்றேன்.

என் வீட்டுக்காரி பாவாத்தாள் தண்ணீருக்குப் போயிருக்கிறாள். நாங்கள் கூலிக்குப் போகும் பண்ணாடி கோவிந்தராஜுலு தோட்டத்து மோட்டார் ஓடினால்தான் எங்கள் குடம் நிறையும். முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டருகே உட்கார்ந்திருப்பாள். எங்கள் வாசலில் ஒரு குழாய் வேண்டும். குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்தைப் படுத்தபடி நான் கேட்க வேண்டும். ஒரு நாளாவது.

14-10-96

பொற்கொடி ஜெயித்துவிட்டாள். நான் மெம்பர். மெம்பர் கருப்புசாமி — எழுதிப் பார்த்தேன்.

20-10-96

பண்ணாடி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவரும் மெம்பர், ஊருக்குள் வார்டு. நாற்பது வருடம் அவர் தோட்டத்தில் பாடுபட்டேன். அங்கே என் டம்ளர் வேலியில் செருகியிருக்கும். இன்று எங்கள் கட்டிலில் உட்கார்ந்தார். பாவாத்தாள் டீ கொடுத்தாள். கை நீட்டி வாங்கிக்கொண்டார்! துணைத்தலைவருக்கு நிற்கிறாராம். "உன்ற மருமவ சின்னப்புள்ள. நான் கூட இருந்து பாத்துக்கறேன் கருப்பா" என்றார்.

எந்தப் பண்ணாடி எங்கள் தெருவில் டீ குடித்தார்? என் ஓட்டு உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்பன் இதைப் பார்க்காமல் போனான்.

21-10-96

டீ குடித்தார்.

23-10-96

பொற்கொடி யூனியன் ஆபீசுக்குப் போய் வந்தாள். பஞ்சாயத்துச் செக்கில் தலைவர் கையெழுத்து மட்டும் போதாதாம். துணைத்தலைவரும் போட வேண்டும். அந்தக் கை மடங்கினால் குழாயும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. இதையா ஒப்புக்கு என்றேன்?

"அவரு போடுவாருன்னு நெனைக்கறீங்களா மாமா? தண்ணிக்கு நிக்கற பொம்பளைகதான அவரு சொன்ன கூலிக்குக் களை வெட்டறாங்க. வாசல்லயே தண்ணி வந்தா அந்த கேட்டுல ஆரு நிப்பா?"

சபுராவை நிறுத்தலாம் என்கிறாள். பஸ் ஸ்டாப்பில் தையல் மெஷின் போட்டிருக்கும் சபுரா, அவளும் மெம்பர். சபுரா என்னிடமே சொன்னாள்: "நாயமான செக்குன்னா அன்னைக்கே போட்ருவேனுங்க. மாட்டேன்னா, ஏன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுவேன்."

மற்ற மெம்பர்களில் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. மீதி நான் ஒருவன். ஆனால் வாக்கு? கொடுத்தாச்சே.

26-10-96

தோட்டத்துக்குப் போனேன். காலனிக் குழாய்க்குக் கையெழுத்துப் போடுவீர்களா என்று பண்ணாடியிடமே கேட்டேன். அதற்கென்ன அவசரம், பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருடைய 'பார்த்துக்கொள்ளலாம்' எனக்குத் தெரியாததா? கூலி உயர்வு, தீபாவளி வேட்டி, எல்லாம் அதில்தான் போய் விழுந்து கிடக்கின்றன.

"அப்படின்னா நான் குடுத்த வாக்கத் திருப்பி வாங்கிக்கறனுங்க பண்ணாடி. ஒளிச்சு ஓட்டுப் போட மனசு வரலீங்க."

அவர் கோபப்படவில்லை. "உன்ற ஊட்ல டீ குடிச்சனேடா" என்றார். அவ்வளவுதான். என் தலை தொங்கிவிட்டது. அவர் உப்பைத் தின்றதற்குக்கூட நான் துரோகம் செய்யலாம், என் டீயைக் குடித்தவருக்கு எப்படிச் செய்வது?

வீட்டுக்கு வந்து பாவாத்தாளிடம் அழுதேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "அவரு எங்க குடிச்சாரு? நீங்க பேச்சு மும்முரத்துல பாக்கலை. கட்டிலுக்கடியில வெச்சுட்டுப் போயிட்டாரு. ஆட்டுக்குட்டிக்கு ஊத்திப்போட்டேன்."

ஏன் அன்றே சொல்லவில்லை என்றேன்.

"நீங்க சந்தோசமா எழுதீட்டு இருந்தீங்க."

இருபதாம் தேதி எழுதியதை அடித்துவிடலாமா? பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. இருக்கட்டும்.

30-10-96

சபுரா. ஒரு ஓட்டில்.

12-11-96

பாவாத்தாள் அந்த கேட்டுக்குப் போவதில்லை. ஊர்க் கடைசி அடிபம்புக்குப் போகிறாள். இன்னும் தூரம். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. குடத்தை நான் வாங்கிக்கொண்டால், "மெம்பரு தண்ணி சொமக்கறாரு" என்று சிரிக்கிறாள்.

9-3-97, ஞாயிறு

விடியக்காலை எங்கள் வாசல் குழாயில் தண்ணீர் வந்தது. எழவில்லை. படுத்தபடியே கேட்டேன். முதலில் குழாய் இருமியது. அப்புறம் குடத்தின் அடியில் டமடமவென்று. நிறைய நிறையச் சத்தம் மெல்லிசாகிறது. இத்தனை வயதுக்கு இது எனக்குத் தெரியாது. பாவாத்தாள் குழாயை மூடாமல் கொஞ்சம் வழிய விட்டாள். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள் போல.

தலைவரும் துணைத்தலைவரும் வந்து பார்த்தார்கள். சபுரா டீ குடித்துவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்று சண்டை போட்டு இன்னொரு டம்ளர் வாங்கினாள்.

பண்ணாடியின் புல்லட் சத்தம் கேட்டது. காலனி முனையில் மெதுவானது. நான் ஒரு டம்ளர் டீ ஊற்றி வெளியே எடுத்து வந்து நின்றேன். ஏன் நின்றேன்? தெரியவில்லை. வண்டி போய்விட்டது.

டீ ஆறிவிட்டது. ஆட்டுக்குட்டி இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. டீ என்றால் அதற்கு உயிர்.